விடுதிப் பெண்ணுக்கு ஒரு வேளை மருந்து... கும்மி!

போன வருஷம் ஆடி மாசக் கடைசி. உத்திரமேரூரில் என் கிளினிக்கில் கூட்டம் குறைந்து, பூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்த நேரம். ஒரு அம்மா, மகளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"தலைவலின்றா டாக்டரம்மா. ராவெல்லாம் தூக்கம் இல்லியாம். சோறும் எறங்கலயாம். காலேஜே வாணாம், ஊட்டுக்கே வந்துடறேன்னு போன்ல ஒரே அழுகை. இவங்கப்பா என்னடான்னா, 'வாணான்னா வுடு, ஒரு எடம் பார்த்து முடிச்சுடலாம்'னு சொல்றாரு. நீங்களே பாருங்க..."

பெண்ணுக்குப் பதினெட்டு வயது. கல்லூரியில் சேர்ந்து ஒண்ணரை மாதம். விடுதி வாசம். அந்தக் குடும்பத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்துத்தான் இருந்தது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன்.

"சாயங்காலம் காலேஜ் விட்டு வந்ததும் என்னம்மா பண்ணுவே?"

"கட்டில்ல படுத்துப்பேன் மேடம். போன் பார்ப்பேன்."

"ரூம்ல எத்தனை பேர்?"

"ஆறு பேர்."

"அவங்ககிட்ட பேச மாட்டியா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் சொன்னாள்: "இன்னா பேசறதுன்னே தெரியல மேடம்."

வாசகர்களே, தலைவலிக்கு என்னிடம் மருந்து இருக்கிறது. பசியின்மைக்குச் சூரணம் இருக்கிறது. ரத்தக் குறைவுக்குச் செந்தூரம் இருக்கிறது. ஆனால், 'என்ன பேசறதுன்னே தெரியல' என்பதற்கு எந்த ஜாடியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஓடின உடம்பு உட்கார்ந்துவிட்டால்...

கிராமத்துப் பெண்ணின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடிப்பாள். வாசல் தெளிப்பாள், குனிந்து கோலம் போடுவாள். மாட்டுக்குப் புல் அள்ளிப் போடுவாள். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போவாள். உடற்பயிற்சி என்ற வார்த்தையே தெரியாமல் உடம்பு நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

அதே பெண் விடுதிக்கு வந்தவுடன் என்ன ஆகிறது? காலையில் வகுப்பு பெஞ்சு. மதியம் சாப்பாட்டு பெஞ்சு. மாலையில் கட்டில். கையில் போன். உடம்புக்கு அசைவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த மாட்டைத் திடீரென்று கட்டிப் போட்ட மாதிரி.

எங்கள் சித்த மருத்துவத்தில் உடம்பை இயக்கும் வாயுக்கள் பத்து என்பார்கள். அதில் வியானன் என்ற வாயு உடம்பு முழுக்கப் பரவி, கை கால்களை நீட்ட மடக்க வைப்பது. உண்ட உணவின் சாரத்தை எல்லா இடத்துக்கும் கொண்டு சேர்ப்பது. அசையாத உடம்பில் அந்த வேலை மந்தப்படும். பசி மந்தம், மலச்சிக்கல், தூக்கக் கேடு, தலைபாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இன்றைய மருத்துவம் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறது. 18 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், மலம் போன்றவை. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய். அந்தப் பதினான்கில் கண்ணீரும் ஒன்று! ஆறு பேர் இருக்கிற அறையில், யாருக்கும் தெரியக் கூடாதென்று தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அடக்கும் கண்ணீர் தலைவலியாகத்தான் வந்து நிற்கும்.

நானும் விடுதியில் அழுதவள்தான்

எனக்கு இது புத்தகத்தில் படித்த பாடம் மட்டுமல்ல. முப்பது வருஷத்துக்கு மேலே ஆகிறது. தெற்கே ஒரு ஊரில் சித்த மருத்துவம் படிக்கப் போனேன். இந்தப் பக்கத்துப் பேச்சு அங்கே இருந்த பெண்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நான் 'இன்னா' என்று வாயைத் திறந்தாலே ஒரு சிரிப்பு. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியதில்லை.

பொங்கல் விழாவுக்குக் கோலாட்டம் ஆட எட்டுப் பேர் தேவைப்பட்டது. ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். சீனியர் அக்கா ஒருத்தர் என் கையில் இரண்டு கோலைத் திணித்து, "ஆள் கொறையுது, நீ வா" என்றார். அவ்வளவுதான். கோலாட்டத்தில் பேச்சுக்கு வேலை இல்லை. எதிரே வருகிறவள் கோலில் என் கோல் பட வேண்டும், தாளம் தப்பக் கூடாது. இரண்டு நாள் தப்பினேன். மூன்றாம் நாள் பட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில், "இன்னாமே, இன்னா குழம்பு?" என்று ஒருத்தி என் பேச்சிலேயே கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்!

பேசிப் பழகிய பிறகு சேர்ந்து ஆடுவது நகரத்து வழக்கம். கூச்சப்படுகிற பெண்ணுக்கு அது தலைகீழ். முதலில் சேர்ந்து ஆடினால், பேச்சு தானாக வரும்.

சமையல்கார ஆயா குருவானார்

அந்தப் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். மருந்தும் கொடுத்தேன். "பத்து நாள் பொறு. அப்புறமும் போகணும்னா நானே உங்கப்பாகிட்ட சொல்றேன்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய விடுதிக் காப்பாளரைப் போய்ப் பார்த்தேன். (விடுதியின் பெயர் வேண்டாம். அங்கே மட்டும் இருக்கிற பிரச்னை அல்ல இது.)

"சாயங்காலம் அரை மணி நேரம் பொண்ணுங்க சேர்ந்து ஏதாவது ஆடட்டுமே" என்றேன்.

காப்பாளர் நல்லவர்தான். ஆனால் தயங்கினார். "ஆட்டமா? பெத்தவங்க என்னைத்தான் மேடம் கேப்பாங்க. படிக்க அனுப்பினா ஆட வுடறியான்னு..."

"கும்மி அடிக்கட்டும். கும்மியை யார் என்ன சொல்லுவாங்க?"

"யாருக்குத் தெரியும் கும்மி?"

அப்போதுதான் சமையற்கட்டிலிருந்து ஒரு குரல். "எனக்குத் தெரியும்மா!" பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஆயா. அறுபது வயதுக்கு மேலே. சின்ன வயதில் காணும் பொங்கலுக்கு ஊர் நடுவில் விடிய விடியக் கும்மி அடித்தவராம்.

முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். மற்றவர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆயா கண்டுகொள்ளவில்லை. விரல் நுனியால் ஒரு தட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு, குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று. "கையைப் பார்க்காதே, பக்கத்துல இருக்கறவ காலைப் பாரு!" என்று அதட்டல் வேறே. மூன்றாவது வாரம் வட்டம் முற்றத்தில் கொள்ளவில்லை. உள்வட்டம், வெளிவட்டம் என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

வட்டத்துக்கு நடுவில் நின்று பாட்டை எடுத்துக் கொடுக்க ஒருத்தி வேண்டுமே? 'நீ போ, நீ போ' என்று தள்ளினார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் அல்லவா? வரலாறு படிக்கிற ஒரு பெண் சொன்னாள், "குடவோலை போடலாம்."

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கி.பி. 10-ம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் படிப்பு என்று ஏகப்பட்ட தகுதிகள். பெண்களின் பெயர் அந்தக் குடத்தில் விழவே இல்லை!

இந்தப் பிள்ளைகள் ஒரு எவர்சில்வர் குடத்தில் எல்லார் பெயரையும் போட்டார்கள். தகுதி ஒன்றும் கிடையாது. வாரம் ஒரு பெயர். ஒரு தடவை வந்தவளின் சீட்டை, எல்லாருக்கும் முறை வரும்வரை திரும்பப் போடக் கூடாது. கல்வெட்டிலும் அப்படி ஒரு விதி உண்டு. மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைச் சேர்க்க மாட்டார்கள்.

ஐந்தாவது வாரம் வந்தது நம் தலைவலிப் பெண்ணின் பெயர். அன்று என்ன நடந்தது என்று ஆயா சொன்னார். "மொதல்ல கொரலே வர்ல. பொண்ணுங்க எல்லாம் கையைத் தட்டிக்கினே நின்னுக்கினு இருந்தாங்க. யாரும் சிரிக்கல. அப்புறம் பாடிச்சு பாரு... அவங்க ஊர்ல நாத்து நடறப்போ பாடற பாட்டு. எனக்கே தெரியாத பாட்டும்மா!"

அந்தப் பெண் இன்று ஒரேயடியாக மாறிவிட்டாள் என்று கதை விட மாட்டேன். தலைவலி எப்போதாவது வருகிறது. முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் அரியர். ஆனால் கல்லூரியில் இருக்கிறாள். அந்த இரண்டு பாடத்தையும் அறைத் தோழி சொல்லிக் கொடுக்கிறாள். கல்யாணப் பேச்சை அப்பா நிறுத்தி வைத்திருக்கிறார்.

சேர்ந்து ஆடினால் என்ன நடக்கிறது?

"என்ன டாக்டர், கும்மி அடித்தால் நோய் போய்விடுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2010-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படகுப் போட்டி வீரர்களைத் தனித்தனியாகவும், சேர்ந்தும் துடுப்புப் பயிற்சி செய்ய வைத்தார்கள். இரண்டிலும் ஒரே அளவு உழைப்பு. பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, எவ்வளவு இறுக்கம் வரை வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். சேர்ந்து துடுப்புப் போட்ட நாளில் கூடுதலாக வலி தாங்கினார்கள்!

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பிரேசில் நாட்டில் 264 பள்ளி மாணவர்களை வைத்து நடனத்தில் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒரே தாளத்தில் ஒரே அசைவாக ஆடியவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியது. உடம்பு வியர்க்க ஆடியவர்களுக்கும் கூடியது. கூட ஆடினவர்களிடம் நெருக்கமும் அதிகமாகத் தெரிந்தது. நம் மூளை தானே சுரந்துகொள்ளும் எண்டார்பின் என்ற வலி நிவாரணிதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

நாற்று நடும்போதும், ஏற்றம் இறைக்கும்போதும் நம் பெரியவர்கள் ஏன் சேர்ந்து பாடினார்கள் என்று இப்போது புரிகிறதா? பாட்டு வலியைக் குறைத்தது. சேர்ந்து செய்தது இன்னும் குறைத்தது.

உடம்புக்கு வேறு நன்மைகளும் உண்டு. கும்மியில் குனிந்து நிமிர்வதால் இடுப்புக்கும் தொடைக்கும் வேலை. கை தட்டுவதால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை. காலில் எடையைத் தாங்கி ஆடுவதால் எலும்பு வலுப்படும். எலும்பில் சேர்க்க வேண்டிய வலுவை ஏறக்குறைய முப்பது வயதுக்குள் சேர்த்துவிட வேண்டும். அப்புறம் சேமிப்பிலிருந்து செலவுதான். மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்கள், சினைப்பை நீர்க்கட்டி இருக்கும் பெண்கள், இவர்களுக்கும் உடல் அசைவு முக்கியமான சிகிச்சை.

ஜூம்பா ஆடினால் ஆகாதா?

தாராளமாக ஆடலாம். எனக்கு அதில் சண்டை இல்லை. அமெரிக்க டாக்டர் கென்னத் கூப்பர் 1968-ல் 'ஏரோபிக்ஸ்' என்று புத்தகம் எழுதிய பிறகுதான், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கும் பயிற்சி என்ற எண்ணமே வெகுஜனங்களிடம் பரவியது. கொலம்பியா நாட்டில் பெட்டோ பெரஸ் என்ற பயிற்சியாளர் ஒருநாள் வகுப்புக்கு வழக்கமான பாட்டு கேசட்டை மறந்துவிட்டு வந்தார். கையில் இருந்த உள்ளூர் ஆட்டப் பாட்டுகளைப் போட்டுச் சமாளித்தார். அதுதான் பிற்பாடு உலகமெல்லாம் ஜூம்பாவாகப் போனது. அவர் தன் ஊர்ப் பாட்டைத்தான் போட்டார் என்பதைக் கவனியுங்கள்!

ஆனால் ஜூம்பாவில் ஒருவர் முன்னே நிற்க, மற்றவர்கள் வரிசையாகப் பின்னே நிற்கிறார்கள். கூச்சப்படுகிறவள் எங்கே நிற்பாள்? கடைசி வரிசையில், ஓரத்தில். அவள் தப்பினாலும் சேர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. கும்மி வட்டத்துக்கு முன்வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும். பின்னல் கோலாட்டத்தில் இன்னும் விசேஷம். மேலேயிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிச் சடை மாதிரி பின்னுவார்கள். பிறகு எதிர்ப்பக்கமாக ஆடிப் பின்னலை அவிழ்ப்பார்கள். ஒருத்தி தப்பினால் எல்லாக் கயிறும் சிக்கும். அதனால் மற்ற எல்லாருமே அவளுக்குக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்!

தவிர, ஜூம்பாவுக்கு ஆள் வேண்டும், கட்டணம் வேண்டும். கும்மிக்கு ஒரு ஆயா போதும்.

'ஆடற பொண்ணு' என்று பேர் வந்துவிடாதா?

பெற்றோரின் இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். வருஷக்கணக்கில் ஊறின பயம் அது. ஆனால் நம் காஞ்சிபுரம் பக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

தெருக்கூத்து என்றாலே ஆண்கள்தான். பெண் வேஷம்கூட ஆண்தான் கட்டுவார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில், கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் சார்பில் 2002-ல் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துப் படித்தார்கள். பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி, அரிதாரம் பூசி ஆடினார்கள். விடிய விடிய ஆயிரம் கண்கள் பார்க்க ஆடின பெண்ணுக்கு, நாளை ஒரு அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் நின்று பேசுவது பெரிய காரியமாக இருக்குமா?

திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா போன்றவர்கள் 1990-ல் தொடங்கிய சக்தி கலைக்குழு இன்னும் ஒரு படி மேலே. ஒடுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வரும் இளம்பெண்கள் சேர்ந்து தங்கி, பறையாட்டமும் பிற கிராமியக் கலைகளும் கற்கிறார்கள். பறை என்றால் சாவுக்கு அடிப்பது, ஆண்கள் அடிப்பது, கீழானது என்று ஊர் ஒதுக்கி வைத்த வாத்தியம். அதையே எடுத்துத் தோளில் மாட்டி, தலை நிமிர்ந்து ஆடுகிறார்கள். எது அவமானம் என்று சொன்னார்களோ, அதுவே கம்பீரமாகிவிட்டது.

நம் விடுதிகளில் ஒரு அறையில் பல சாதி, பல ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள். யார் தட்டில் யார் சாப்பிடுவது, யார் வாளியை யார் தொடுவது என்ற கணக்கெல்லாம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வட்டத்தில் கை கோக்கும்போது பக்கத்தில் யார் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது. தாளம் ஓடிக்கொண்டிருக்கும்!

எப்படி ஆட வேண்டும்?

மாலை ஐந்தரையிலிருந்து ஆறு. வாரம் ஐந்து நாள். அரை மணி வீதம் ஐந்து நாளைக்கு 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சரியாக முடிந்தது.

முதல் ஐந்து நிமிடம் வட்டமாக நடந்து கணுக்கால், முழங்கால், தோள்களைத் தளர்த்துங்கள். அடுத்த பத்து நிமிடம் மெதுவான கும்மி. பிறகு பத்து நிமிடம் வேகம். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து, நடந்து, உட்கார்ந்து, மூச்சை ஒழுங்காக்கிக் கொள்ளுங்கள். சிமெண்ட் தரையைவிட மண் தரை முழங்காலுக்கு நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே ஆட வேண்டாம். ஆடி முடித்ததும் தண்ணீரோ நீர்மோரோ குடியுங்கள்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்? பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவில் மூச்சு வாங்கினால், அது மிதமான உழைப்பு. 'கும்மிக்குப் பாட வேண்டுமே!' என்கிறீர்களா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒருத்தி ஒரு அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட, இடையில் மூச்சுக்கு நேரம் கிடைத்துவிடும்.

மாதவிலக்கு நாட்களில் ஆடலாமா? உடம்பு ஒத்துழைத்தால் ஆடலாம். வலி இருந்தால் ஓய்வெடுக்கலாம். தீட்டு என்று ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள். இதய நோய், மூச்சிரைப்பு, மூட்டில் அடிபட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேரட்டும்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, வட்டத்தில் இருபது பேர் நின்றால் பத்துப் பேருக்கு மேல்! ஆடினால் சீக்கிரம் களைக்கிறது, படபடக்கிறது என்றால் சோம்பல் என்று திட்டாதீர்கள். ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது அடை, மாலையில் ஒரு உருண்டை எள்ளோ கடலையோ, கூடவே ஒரு நெல்லிக்காய். நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும்.

நான்கு எச்சரிக்கைகள்

ஒன்று: இதைப் போட்டியாக்காதீர்கள். ஆண்டு விழாவுக்கு 'நன்றாக ஆடுகிற பத்துப் பேர்' என்று பொறுக்கி எடுத்த அன்றைக்கே வட்டம் உடைந்துவிடும். நன்றாக ஆடாதவளுக்குத்தான் இந்த மருந்து.

இரண்டு: அந்த அரை மணி நேரம் எல்லா போனும் அறையிலேயே இருக்கட்டும். வீடியோ எடுக்கக் கூடாது. ஒரு பெண்ணின் ஆட்டம் அவளைக் கேட்காமல் ஊர் முழுக்கப் போய்விட்டால், அவள் மட்டுமல்ல, மற்றவர்களும் மறுநாள் வர மாட்டார்கள்.

மூன்று: வருகைப் பதிவேடு வேண்டாம். கட்டாயப்படுத்தினால் மருந்தும் கசக்கும். ஓரமாக உட்கார்ந்து கை மட்டும் தட்டுகிறவளை விட்டுவிடுங்கள். ஒருநாள் எழுந்து வருவாள்.

நான்கு: கும்மி எல்லாவற்றுக்கும் சர்வரோக நிவாரணி அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், 'நான் இருந்து என்ன ஆகப் போகுது' என்று ஒரு பெண் பேசினால், அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. தாமதிக்கக் கூடாது. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் 1000 ரூபாய் என்று கொண்டுவரப்பட்டது. வீட்டிலிருந்து முதல்முறையாக ஒரு பெண் படிக்கக் கிளம்பினால் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் ஒரு தடை. அந்தத் தடைக்கு இப்படி ஒரு கை உதவுகிறது. ஆனால் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிற தனிமைக்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. அதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

படிக்கிற பெண்களுக்கு மட்டுமல்ல. நம் மாவட்டத்தில் வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எத்தனையோ ஊர்ப் பெண்கள், முகம் தெரியாதவர்களோடு ஒரே கூரையின் கீழ். அங்கேயும் ஷிப்ட் முடிந்த பிறகு ஒரு வட்டம் போட இடம் இருக்கட்டும். ஆண்பிள்ளைகளின் விடுதிக்கும் இதையே சொல்வேன். ஒயிலாட்டம் ஆண்களின் ஆட்டம்தானே? கையில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆடினால், மாலை நேரத்தில் கால் வேறு பக்கம் போகாது.

பெற்றோரே, விடுதியில் இருக்கும் மகளுக்கு ராத்திரி போன் செய்யும்போது என்ன கேட்கிறீர்கள்? 'சாப்பிட்டியா? படிச்சியா? பணம் இருக்கா?' இந்த மூன்றுதான். நல்ல கேள்விகள்தான். இன்றைக்கு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

"இன்னிக்கு யார்கூட சிரிச்சே?"

பதில் சொல்ல அவளிடம் ஒரு பெயர் இருந்தால், நிம்மதியாகத் தூங்குங்கள். பெயர் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை போய் விடுதிக் காப்பாளரைப் பாருங்கள். அப்படியே சமையற்கட்டுப் பக்கமும் எட்டிப் பாருங்கள். அங்கே கும்மி தெரிந்த ஒரு ஆயா கட்டாயம் இருப்பார்.